பதினைந்து வயதுக்கேற்ற கொலை

அன்று மத்தியானம் ஸ்டூடியோவில் இருந்தவர்கள் ஐந்து பேர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூவர்: மேஜையில் ஒலிப்பதிவுக்காரி, அவளுக்கு இடப்பக்கம் டைரக்டர், பின்னால் சோபாவில் மேடம். மேடம் முன்பு தணிக்கைக் குழுவில் இருந்தவர். எந்த வீடியோ கேம் எந்த வயதுக்கு என்று முத்திரை குத்திக் கொடுத்த கை அது. ஓய்வு பெற்றபின், அதே முத்திரையை எப்படி வாங்குவது என்று கம்பெனிகளுக்குச் சொல்லித்தருகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தம் புகாத அறைக்குள் இருவர்: ஒலிப்பதிவுக்காரியின் புருஷன் கட்டைக்குரல், அவளுடைய தம்பி பஞ்சு. இரண்டுமே தொழிலில் வந்த பட்டப்பெயர்கள். வீட்டிலும் அப்படியே ஒட்டிக்கொண்டன.

பதிவாகிக்கொண்டிருந்தது ‘கடைசிப் படை’ என்ற வீடியோ கேமின் ஒன்பதாம் பாகம். கடைசி என்று பேர் வைத்துவிட்டு ஒன்பது பாகம் ஓட்டுகிறவர்களுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்ததில்லை. முதல் எட்டுக்கும் பதினெட்டு வயது முத்திரை. எட்டிலும் நாயகனான தளபதிக்குக் குரல் கொடுத்தவன் கட்டைக்குரல். சுடுவான், அறுப்பான், எரிந்துகொண்டு ஓடுகிறவனைப் பார்த்து நக்கலடிப்பான். கடைத்தெருவில் அவன் வாயைத் திறந்தால் போதும், மீசை முளைக்காத பயல்களெல்லாம் “தளபதிடா!” என்று சுற்றிக்கொள்வார்கள். அந்த விளையாட்டை அவர்கள் தொடவே கூடாது என்பதுதான் பெட்டியில் போட்டிருந்த முத்திரைக்கு அர்த்தம்.

ஒன்பதாம் பாகத்தைப் பதினைந்துக்குள் அடக்க வேண்டும் என்றது கம்பெனி. மேடம் பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டார்.

“இந்தக் குரல் இருக்கிற வரைக்கும் பதினஞ்சு கிடைக்காது. கொல்றப்போ இந்த ஆளு சந்தோஷப்படறது காதுல விழுது.”

அந்த ஒரு வார்த்தையில் தளபதி கைமாறினான். பஞ்சுவுக்குப் போனான். கட்டைக்குரலுக்குக் கிடைத்தது, பின்னாலிருந்து பாய்ந்து தளபதியின் கழுத்தை நெரித்து, அடுத்த நிமிஷம் செத்துப்போகும் பேர் இல்லாத எதிரி. பஞ்சுவை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்து, மைக் முன்னால் எப்படி நிற்பது என்று காட்டிக்கொடுத்தவனே கட்டைக்குரல்தான். சேதி வந்த ராத்திரி சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் விசிறியடித்தான். பிறகு அவனே துடைத்தான். அதன்பின் ஒரு வார்த்தை இல்லை. ஆறிவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“திரும்பச் சொல்லிடறேன்,” என்றார் மேடம். “தலையில சுடலாம், தலை போகக்கூடாது. ரத்தம் வரலாம், தெறிக்கக்கூடாது. கழுத்தை நெரிக்கலாம், ஆனா மாட்டிக்கிட்டவன் கஷ்டப்படற மாதிரி கேக்கக்கூடாது.”

“கழுத்தை நெரிச்சா கஷ்டப்படாம, கொட்டாவியா மேடம் விடுவான்?” என்றார் டைரக்டர்.

“அது உங்க பாடு.”

அவர் நாற்காலியோடு திரும்பினார். “மனசைத் தொட்டுச் சொல்லுங்க. எட்டையும் வாங்கினது யாரு? அஞ்சாங்கிளாஸ் பசங்க. அப்பனே கார்டைத் தேய்ச்சு வாங்கித் தர்றான். பதினெட்டுன்னு போட்டா நல்ல சரக்குன்னு இன்னொண்ணு சேத்து வாங்கறான். இந்த எழவு முத்திரையால யாருக்கு என்ன ஆச்சு?”

“பதினெட்டுன்னா பெரிய கடைங்க முன் வரிசையில வைக்காது. விஷயம் அவ்வளவுதான். குழந்தைங்களுக்கு ஆகுமா ஆகாதான்னு கவலைப்பட்ட காலமெல்லாம் போச்சு சார். கவலைப்பட்டு என் தலைமுடிதான் கொட்டிச்சு.”

டைரக்டரின் முழங்கை உள்ளே பேசும் பொத்தான்மேல் இருந்தது. அத்தனையும் உள்ளிருந்தவர்களின் ஹெட்போனில் கேட்டுவிட்டது.

“எனக்கு ஆச்சு சார்,” என்றது ஸ்பீக்கரில் கட்டைக்குரல். “முத்திரையால யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டீங்களே. எனக்கு ஆச்சு.”

பஞ்சுதான் சிரித்து மழுப்பினான். “விடுங்க மாமா. பத்தாம் பாகத்துல திரும்பப் பதினெட்டு ஆக்கிடுவானுங்க. அதுவரைக்கும் தளபதிக்கு நான் வாட்ச்மேன்.”

“நீ ரொம்ப நல்லவன் மச்சான்,” என்றான் கட்டைக்குரல்.

இந்த டைரக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. நடிகர்களைத் தனித்தனியே நிற்கவைத்துப் பதிவு செய்ய மாட்டார். நெரிக்கிற காட்சி என்றால், நெரிக்கிறவன் முழங்கை நிஜமாகவே கழுத்தில் விழ வேண்டும். மூச்சு அப்போதுதான் சரியான இடத்தில் முட்டும் என்பார். பிடித்ததுபோலப் பிடித்து அழுத்தாமல் விடத் தெரிந்தவன்தான் அவரிடம் பிழைக்க முடியும். கட்டைக்குரலைப் போல அதைத் தெரிந்தவன் ஊரில் இல்லை.

முதல் தடவை பஞ்சு கொளகொளவென்று கொப்பளித்து, கெஞ்சி, காலை உதறித் துவண்டான். திரையில் ஒலிக்கோடு மலைமலையாக எழுந்தது.

“பதினெட்டு,” என்றார் மேடம்.

இரண்டாம் தடவை பாதியாகக் குறைத்தான்.

“பதினாறரை.”

டைரக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பொத்தானை அமுக்கி, “இன்னும் குறைங்கப்பா. கண்ணியமா நெரிங்க,” என்றார்.

மூன்றாம் தடவை. ஒரு செருப்பு தேயும் ஓசை. பாதியில் அறுந்த ஓர் இருமல். பிறகு ஒன்றுமில்லை. மலையாக எழுந்த கோடு நூலாகப் படுத்தது.

மேடம் சோபாவின் நுனிக்கு வந்தார். “இது! இதுதான் பதினஞ்சு. சத்தமே இல்லாம எவ்வளவு நாகரிகமா இருக்கு பாருங்க.”

“ரொம்பச் சன்னமா இருக்கே. ஏத்தும்மா கொஞ்சம்,” என்றார் டைரக்டர்.

ஏற்றினாள். இரைச்சல்தான் வந்தது. கேபிள் தளர்ந்திருக்கும் என்று மேஜைக்கடியில் குனிந்து முனையை அசைத்துப் பார்த்தாள். வேறு இணைப்பில் மாற்றிச் செருகினாள். எட்டுப் பாகம் முழுக்க ஆயிரக்கணக்கான சாவுகளைப் பதிந்தவள். ஒன்றுகூட சத்தமில்லாமல் வந்ததில்லை. ஆகவே சத்தம் நின்றால் கோளாறு கம்பியில்தான் என்று அவள் கை பழகியிருந்தது.

இன்னும் ஏற்றினாள். அப்போது மூச்சு கேட்டது. சீராக, நிதானமாக, மூக்கால் இழுத்து விடும் மூச்சு. பல வருஷமாகப் பக்கத்துத் தலையணையில் கேட்டு வந்தது. இருவர் நின்ற அறையில் ஒருவன் மூச்சு மட்டும் கேட்டது.

அவள் திரையை விட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள்.

பஞ்சுவின் கால்கள் தரையில் இல்லை. முகம் ஈரல் நிறத்தில் வீங்கி, நாக்கு வெளியே வந்திருந்தது. மாமன் முழங்கையை அவன் நகங்கள் பிறாண்டிச் சதையைக் கிழித்திருந்தன. இப்போது அந்தக் கைகளும் தொங்கிக்கொண்டிருந்தன.

“எங்க போற? டேக் ஓடுது!” என்று டைரக்டர் கத்தினார்.

கதவைத் தள்ளித் திறந்து உள்ளே பாய்ந்தாள். “விடுங்க! ஏங்க, விடுங்க, செத்துருவான்!” அவன் திரும்பவில்லை. முழங்கையைப் பற்றி இழுத்தாள். இரும்புக் குழாய்போல் இருந்தது. கையைக் கடித்தாள். வாயில் ரத்தம் உப்புக்கரித்தது, பிடி தளரவில்லை. உதிரியாக நின்ற மைக் ஸ்டாண்டைத் தலைகீழாகத் தூக்கி, அடிப்பக்கத்து இரும்புத் தட்டால் அவன் தோளில் போட்டாள். அசையவில்லை. காதோடு சேர்த்துப் போட்டாள். காது கிழிந்து தொங்கியது. மூன்றாவது அடி முழங்கையில் விழுந்தது. பென்சில் ஒடிந்தாற்போல் அற்பமான ஒரு சத்தம். இத்தனை வருஷம் அவள் விளையாட்டில் சேர்த்த எலும்பொடிப்புகள் எதுவும் அப்படிக் கேட்டதில்லை.

பஞ்சு மூட்டையாகச் சரிந்தான்.

கட்டைக்குரல் நல்ல கையால் அவள் கூந்தலைப் பிடித்துக் கண்ணாடியில் மோதினான். நெற்றி பிளந்தது. அந்தப் பக்கம் டைரக்டரும் மேடமும் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள், திரையில் பார்ப்பது போல. அவன் மறுபடி மோத இழுத்தபோது அவள் தட்டை மேல்நோக்கி வீசினாள். அது அவன் வாயில் இறங்கியது. பற்கள் தரையில் சிதறின. மண்டியிட்டு, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, ரத்தத்தைத் துப்பினான்.

“கேட்டுச் சொல்லு,” என்றான். வார்த்தை குழறியது. “பதினஞ்சு வந்துச்சா?”

அவள் தம்பியைப் புரட்டிப் போட்டு நெஞ்சில் குத்தினாள். மறுபடி குத்தினாள். “டேய், மூச்சு விடுடா. அக்கா சொல்றேன்ல, விடுடா நாயே!” தொண்டைக்குள் ஏதோ விசிலடித்தது. மார்பு ஒரு தடவை ஏறி இறங்கியது. கண் திறந்து அவளைப் பார்த்து வாயசைத்தான். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. அந்தத் தொண்டை இனி யாருக்கும் தளபதியாகாது என்று அவள் காதுக்குத் தெரிந்துவிட்டது. உயிர் இருந்தது. அது போதும்.

அக்குளில் கைகொடுத்து அவனை இழுத்தாள். கதவருகே டைரக்டர் ஃபோனைப் பிடித்தபடி ஆம்புலன்ஸ்காரனுக்கு முகவரியை மாற்றி மாற்றி உளறிக்கொண்டிருந்தார். மேடம் கைப்பையை நெஞ்சோடு அணைத்து, “நான் கையெழுத்து எதுவும் போடலை, நான் இன்னும் கையெழுத்தே போடலை,” என்றார்.

“காலைப் பிடிங்க மேடம்!”

மேடம் பிடித்தார். பஞ்சு வாசலைத் தாண்டினான்.

உள்ளே கட்டைக்குரல் சுவரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தான். “ஏய், நில்லு. நான் நடிச்சேன்டி. நடிப்புதான்டி அது,” என்றபடி ஓரடி வந்தான். அதே கனத்த குரல். பற்கள் போயும் அது அடங்கவில்லை.

அவள் வெளியே வந்தாள். கனமான கதவைத் தோளால் தள்ளினாள். அது மூடியதும் அவன் குரல் வெட்டியதுபோல் நின்றது. மைக்குகள் திருடு போகாமலிருக்க வெளியில் போட்ட தாழ்ப்பாளை இழுத்து, அதன் பூட்டில் தன் சாவியைப் போட்டுத் திருகினாள்.