காலடி எந்தப் பக்கம்

சத்தம் என்று வந்துவிட்டால் திண்டிவனத்தில் என்னிடம் வாய் கொடுத்து ஜெயித்தவன் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, இருக்கிறதைச் சொல்கிறேன். இருபத்தாறு வருடமாக மைக்செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மாதா கோயில் கொடியேற்றம், எதுவானாலும் சின்னப்பராஜ் சவுண்ட் சர்வீஸ்தான். பனமரத்து உச்சியில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் கரகரப்பு வந்தால், அது குழாயிலா ஒயரிலா என்று டீயைக் கீழே வைக்காமலே சொல்லிவிடுவேன்.

அதனால்தான் 2013-ல் என் மகள் ஜெர்லின் கேம் விளையாட ஹெட்போன் வேண்டும் என்றபோது, நீயாக எதையும் வாங்கித் தொலைக்காதே, நான் வருகிறேன் என்றேன்.

ஜெர்லின் அப்போது காலேஜில் இரண்டாம் வருடம். அவள் ஆடியது ஒரு துப்பாக்கிச் சண்டை கேம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், கம்ப்யூட்டருக்குள் சந்து சந்தாக ஒளிந்து ஒருவரை ஒருவர் சுட வேண்டும். சுவருக்கு அப்பால் வருகிறவனைக் கண்ணால் பார்க்க முடியாது. அவன் காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். அவள் அணியில் மற்ற நால்வரும் பையன்கள். அவர்களுக்குக் கை வேகம். இவளுக்குக் காது. "லெஃப்ட்ல ரெண்டு பேர்" என்று இவள் சொன்னால் நாலு பேரும் மறுபேச்சில்லாமல் இடது பக்கம் திரும்புவார்கள். அணித் தலைவன் ஆஸ்வின் ஒருமுறை என் கடைக்கு வந்து, ஜெர்லின் இல்லாவிட்டால் நாங்கள் குருட்டுக் கோழி மாதிரிதான் அங்கிள் என்றான். எனக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. காது யாருடையது? என் வீட்டுக் காது.

மூன்று வாரத்தில் விழுப்புரத்தில் ஒரு என்ஜினியரிங் காலேஜில் போட்டி. அந்த நேரம் பார்த்து, அவர்கள் பழகும் பிரவுசிங் சென்டரில் இவள் வழக்கமாக மாட்டும் ஹெட்போன் ஒரு பக்கம் செத்துப்போனது. ஆகவே சொந்தமாக ஒன்று வாங்க, நானும் அவளும் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினோம்.

கடைக்காரர் விருத்தாசலம் எனக்குப் பழக்கமானவர்தான். ஆனாலும் கடைக்காரன் கடைக்காரன்தானே. சட்டிமாதிரி இரண்டு காதையும் மூடுகிற, சிவப்பு லைட் எரிகிற ஒன்றை எடுத்து, ஒரு குத்துப் பாட்டைப் போட்டு என் தலையில் மாட்டினார். மண்டைக்குள் பறைமேளம் அடித்தது. பையன்கள் எல்லோரும் இதைத்தான் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்றார். அள்ளட்டும். பாட்டைப் போட்டால் தகர டப்பா கூட நன்றாகத்தான் பாடும். குழாய் வாங்கும்போது நான் ஒருநாளும் பாட்டுப் போட்டுப் பார்த்ததில்லை. பேச்சுதான் போடுவேன். பேச்சு தெளிவாகக் கேட்டால் மற்றது தானாக வரும்.

யாராவது பேசுகிறதைப் போடுங்கள் என்றேன். அவர் போனில் ஒரு செய்தி வாசிப்பு கிடைத்தது. சிவப்பு லைட்டில் அந்த ஆள் பானைக்குள் உட்கார்ந்து செய்தி வாசித்தான். இப்படி கும்மென்று இருந்தால் வெடிச் சத்தத்தில் காலடி முழுகிப்போகும், வேண்டாம் என்று தள்ளினேன். ஏழெட்டு பார்த்தபிறகு, ஓர் ஓரத்தில் கிடந்த கறுப்பு ஹெட்போன் கைக்கு வந்தது. லைட் இல்லை, பகட்டு இல்லை. ஆனால் அதில் வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் செய்தி வாசிக்கிறவர் மூச்சு வாங்குவதும், தாள் புரளுவதும் கேட்டது. இதுதான் என்றேன். ஜெர்லின் சிவப்பு லைட்டை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, அப்பா சொன்னால் சரி என்று வாங்கிக்கொண்டாள். அந்தத் தேர்வு சரியான தேர்வு. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒயர் குட்டை. பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் பெட்டி மேசைக்கு அடியில் இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒயர் தலையைப் பிடித்து இழுக்கும். அவள் கேட்கவே இல்லை, நானாகத்தான் அன்று சாயங்காலமே ஒயரை நடுவில் வெட்டி, நம்மிடம் இருந்த நல்ல மைக் ஒயரை இரண்டு முழம் வைத்து நீட்டினேன். ஹெட்போன் ஒயருக்குள் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, வெறும் செம்பு ஒன்று. மைக் ஒயரில் நடுவில் ஒரே கம்பி, சுற்றிலும் வலையாகப் பின்னிய கம்பி. சிவப்பையும் பச்சையையும் ஒன்றாக முறுக்கி நடுக்கம்பியிலும், வெறும் செம்பை வலையிலும் பற்றவைத்தேன். எங்கள் தொழிலில் அதுதான் முறை. ஊருக்கு எட்டுக் குழாய் கட்டினால் எட்டிலும் ஒரே சத்தம் வர வேண்டும். வடக்குத் தெருவுக்கு ஒருமாதிரி, தெற்குத் தெருவுக்கு ஒருமாதிரி பூசை கேட்டால் அடிதடியாகிவிடும். மாட்டிப் பார்த்தேன். இரண்டு காதிலும் தராசு வைத்த மாதிரி சமமாக வந்தது. வேலை என்றால் இது வேலை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து ஜெர்லின் தோற்க ஆரம்பித்தாள்.

முதல் இரண்டு நாள் புதுசு, பழகிவிடும் என்றாள். நாலாம் நாள் முகம் செத்துப் போய் வந்தாள். அவள் இடது பக்கம் என்று சொன்னால் எதிராளி வலது பக்கம் வந்து நிற்கிறானாம். அவளை நம்பித் திரும்பியவர்கள் முதுகில் சுடுபட்டுச் சாகிறார்களாம். ஹெட்போனில் ஏதாவது இருக்குமோ என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. நான் தேடிப் பிடித்து வாங்கியது, என் கையால் பற்றவைத்தது. அவள் எதிரிலேயே மறுபடி மாட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சமம், கண்ணாடி மாதிரி தெளிவு.

"ஹெட்போனைக் கொற சொல்லாத. அதுல ஒண்ணுமே இல்ல. உன் காதைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்" என்றேன்.

கோபத்தில் வந்த பேச்சு. ஆனால் அவள் அதை நம்பிவிட்டாள். சத்த விஷயத்தில் நான் சொன்னது தப்பாக இருக்கும் என்று அவள் பிறந்ததிலிருந்து நினைத்ததே இல்லை.

"எனக்கும் அந்த பயந்தாம்பா. காலடி கேக்குது. எந்தப் பக்கம்னுதான் தெரியல" என்றாள்.

அன்றைக்கு என் மனைவி அருள்ராணி சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். ஜெர்லின் கைக்குழந்தையாக இருந்தபோதே திருவிழாவுக்குத் திருவிழா தூக்கிக்கொண்டு போனது யார்? ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே துணியை விரித்துத் தூங்கவைத்தது யார்? வேண்டாம் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேனே, கேட்டீர்களா என்றாள். வீட்டில் கூப்பிட்டால் சரியாகத்தானே திரும்புகிறாள் என்றேன். பெரிய சத்தம் கேட்கும், நுணுக்கமான சத்தம் போயிருக்கும் என்றாள். பதிலுக்கு நான் கத்தினேன், பாதிச் சோற்றில் எழுந்தேன். ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. மாதா தேர் கிளம்பும்போது, பெட்டிக்குப் பக்கத்தில் என் மகள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவாள். இந்தச் சத்தத்திலும் தூங்குகிறாள் பார், மைக்செட்காரன் பெண்ணல்லவா என்று ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டவன் நான். என் பெருமையே என் பிள்ளை காதைத் தின்றுவிட்டதா என்று நினைக்க நினைக்கத் தாங்கவில்லை.

காது டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நாள் வாங்கினோம். போட்டி அதற்கு முந்தின சனிக்கிழமை.

சனிக்கிழமை நானும் கூடவே விழுப்புரம் போனேன். பெரிய ஹால், வரிசையாக மேசைகள், கீழே கம்ப்யூட்டர் பெட்டிகள். திரையில் நடப்பதைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். இரண்டு ஆட்டம் ஆஸ்வினும் மற்றவர்களும் கைவேகத்தில் எப்படியோ தாண்டிவிட்டார்கள். மூன்றாவது, புதுச்சேரிக் காலேஜ் ஒன்றோடு. முதல் பாதி முடிந்தபோது நம் அணி படு மோசம். சுவரில் என் மகள் பேய் பிடித்தவள்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் செத்துக்கொண்டிருந்தாள். நடுவில் பத்து நிமிஷ இடைவேளை விட்டார்கள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஹாலின் பின்பக்கம் போனேன். அங்கே வானூர்ப் பையன் ஒருவன், அடுத்த ஆட்டத்துக்காகத் தனியாகப் பழகிக்கொண்டிருந்தான். தலையில் அதே சிவப்பு லைட் ஹெட்போன். வயிற்றெரிச்சலில், இதில் அப்படி என்னதான் கேட்கிறது பார்ப்போம் என்று அவனிடம் கேட்டு வாங்கி மாட்டினேன். டப் டப் என்று காலடி வந்தது. இடது காதில் மட்டும். வலது பக்கம் கல்லாட்டம் கிடந்தது. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்தான், மறைப்பானேன்.

"தம்பி, உன்னுதுல ரைட்டு செத்துப் போச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றேன்.

அவன் சிரித்தான். "இல்லண்ணா, அது சாவல. எதிராளி லெஃப்டு பக்கமா நடந்துக்கினு வர்றான். இப்ப திருப்பறேன், கேளுங்க."

மவுஸை மெல்ல நகர்த்தினான். காலடி என் இடது காதிலிருந்து கிளம்பி, நெற்றிக்கு நேரே வந்து, வலது காதுக்குப் போய் நின்றது.

ஹெட்போனைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். அத்தனை வருடத் தொழில். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. எதற்காக இரண்டு கம்பி வைத்தான் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? ஒரு காதுக்கு ஒரு கம்பி. அந்த இரண்டையும் பிடித்து முறுக்கி, எட்டுக் குழாய்க்குக் கொடுக்கிற மாதிரி ஒரே சத்தமாக்கிக் கொடுத்துவிட்டு, பெற்ற பிள்ளையைப் பார்த்துக் காது போச்சு என்றேனே, நானெல்லாம் ஒரு மனுஷனா? அப்படி என்னை நானே திட்டும்போதே உள்ளேயிருந்து ஒரு சந்தோஷம் பொத்துக்கொண்டு கிளம்பியது. தப்பு என்னுது. அப்படியென்றால் அவள் காதில் ஒன்றும் இல்லை.

ஓடினேன். அங்கே ஜெர்லின் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டிருந்தாள். மாற்று ஆளாக வந்திருந்த அறிவுச்செல்வன் பக்கத்தில் தயாராக நின்றான். ஆஸ்வின் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருக்க, அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னை எடுத்துட்டு அறிவை உக்கார வை. எனக்குக் காது சரியில்ல. சொல்லாம வந்தது என் தப்பு."

"உன் காதுல ஒண்ணும் இல்ல" என்று கத்தினேன். மைக் இல்லாமலே எனக்கு ஹால் முழுக்கக் கேட்கிற தொண்டை. எல்லோரும் திரும்பினார்கள். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்ட திண்டிவனத்துக்காரர்கள் நாலைந்து பேர் அதில் இருந்தார்கள். இருக்கட்டும். "லெஃப்டு கம்பியையும் ரைட்டு கம்பியையும் நான்தான் ஒண்ணா சேத்து வெச்சிட்டேன். உன்னைக் கெடுத்தவன் நான்தாம்மா. உன் காது நல்லா கீது."

ஆஸ்வின் ஒன்றும் புரியாமல் பார்த்தான். எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று கேட்டேன். ஐந்து என்றான். கட்டரும் டேப்பும் இல்லாமல் நான் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. பையைத் திறந்து, என் மைக் ஒயரை இரண்டு முனையிலும் வெட்டிக் கடாசினேன். சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை, செம்போடு செம்பு. தொட்டுக்கொள்ளாமல் தனித்தனியாக டேப் சுற்றினேன். வேலை சுத்தமாக முடிந்தது. ஒயர் மறுபடி குட்டையாகிவிட்டதால் அறிவும் ஆஸ்வினும் கம்ப்யூட்டர் பெட்டியையே தூக்கி மேசைமேல் வைத்தார்கள்.

ஜெர்லின் மாட்டிக்கொண்டாள். ஆஸ்வினைக் கேமுக்குள் சும்மா நடக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் முகத்தைத் தவிர நான் வேறெதையும் பார்க்கவில்லை.

"லெஃப்ட்" என்றாள். பிறகு, "பின்னாடி போற. இப்ப ரைட்ல நிக்கிற."

மூன்றும் சரி. நான் அழுதேன். கர்ச்சீப் தேடினேன், கிடைக்கவில்லை, அப்படியே நின்று அழுதேன். அறிவுச்செல்வன் பெருந்தன்மையான பிள்ளை, போய் உட்காருங்கள் அங்கிள் என்று தோளைத் தட்டிவிட்டு அவனும் பார்வையாளர் வரிசைக்குப் போனான்.

இரண்டாவது பாதியில் அவள் வாய் ஓயவில்லை. எங்கே எத்தனை பேர் என்று சொல்லச் சொல்ல, நால்வரும் சரியான பக்கம் திரும்பினார்கள். புதுச்சேரிக்காரர்கள் வந்த வழியெல்லாம் செத்தார்கள். புள்ளி ஒன்றொன்றாக ஏறிச் சமமானது. கடைசி ஒரு சுற்று. அதில் நம் ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்து, ஆஸ்வினும் விழுந்து, ஜெர்லின் மட்டும் மிஞ்சினாள். எதிரில் ஒருவன்.

சுவரில் காட்டிய படத்தில் ஒரு வெறும் சந்து தெரிந்தது. முன்னால் ஒரு வாசல், வலது பக்கம் உடைந்த சுவர் ஒன்று. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள், நானும் வாசலைத்தான் பார்த்தேன். அவள் துப்பாக்கியை மெல்ல வலது பக்கம் திருப்பி, யாருமே இல்லாத அந்த உடைந்த சுவருக்கு நேரே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருப்பேன். சுவர் இடுக்கில் அவன் தலை வந்தது. சுட்டாள்.

ஹால் எழுந்து கத்தியது. பையன்கள் நாலு பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஜெயித்ததைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் அதைச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுதுப்பா" என்றாள்.