தவிட்டுச் செடிக்கு ஒரு கவாத்து

விடியும்போது ரோஜா நிறத்தில் விரிந்து, வெயில் ஏற ஏற வெளுத்து, மறுநாள் வெள்ளைத் துணிபோலத் துவண்டு தொங்கும் அந்தப் பூ கண்ணை மூடினாலும் போகமாட்டேன் என்கிறது, தவிட்டுப் பூ, கோத்தகிரிச் சரிவில் தேயிலைக்கு இடம் விட்டு ஓடை ஓரமாக ஒதுங்கிப்போன செடி, அதன் பழத்தைத் தின்றால் வாயெல்லாம் ஊதா, என் மகள் எமல்டா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாக்கை நீட்டிக் காட்டுவாள், பாரும்மா, மை குடிச்சிட்டேன், என்பாள், நான் அடிக்கக் கை ஓங்குவேன், அவள் அப்பா முதுகுக்குப் பின்னால் ஒளிவாள், இப்போதும் ஒளிகிறாள், அவர் முதுகைத் தாண்டி எட்டிப் பார்த்தால் சுவர்தான் இருக்கிறது.

அவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சிகூட இறங்கவில்லை, அடுத்த வீட்டுப் பாக்கியவதி கொட்டும் மழையில் ஓடைக்கு இறங்கி, காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம் வழிய, மடி நிறைய தவிட்டுப் பழம் கொண்டுவந்தாள், பிள்ளை ஒன்றை எடுத்துப் பாதி கடித்தாள், மீதிய நாளைக்கு வைம்மா, என்றாள், நாளை வந்தது, அவள் இல்லை. அந்தப் பாதிப் பழத்தை எறிய மனம் வராமல், பிசைந்து, கடுகைவிடச் சிறிய விதைகளை நிழலில் உலர்த்தி, தேயிலை நாற்றுப் பையில் செம்மண் நிரப்பித் தூவினேன், தேயிலைக்கு ஆகிற மண்தான் இதற்கும், முளைக்கட்டும் ஆண்டவரே என்று ஜெபமாலை உருட்டினேன், எத்தனையோ அழுகியபின் ஒன்று மட்டும் தலை தூக்கியது, அதை வீட்டு வாசலில் நட்டு, பனிக்காலத்தில் சாக்குப் போர்த்தி, ஆடு கடிக்காமல் முள் கட்டி, வருஷங்கள் போயின, ஒரு பழம், எமல்டா மிச்சம் வைத்த பாதிக்கு ஈடாக ஒரு பழம், அதைக் கல்லறையில் வைத்துவிட்டால் போதும் என்று இருந்தேன்.

எமல்டாவின் அப்பா, இவர், ஆயுசெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டியவர், தேயிலையைப் பூக்க விட்டால் கொழுந்து குறையும், அதனால் மேசைபோலச் சமமாக வெட்டித் தள்ள வேண்டும், அந்தக் கைக்குத் தோட்டத்தில் பெயர் இருந்தது, பிள்ளை போனபின் இவர் நினைவு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து, அவள் போனதே மறந்துவிட்டது, எமல்டா எங்க என்பார், முதலில் உள்ளதைச் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேட்பவர்போலத் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு, பள்ளிக்கூடம் போயிருக்கா, என்று சொல்லத் தொடங்கினேன், பொய்தான், ஆண்டவர் பொறுப்பார்.

இந்த மாசியில் செடி முழுக்க மொட்டு, ஞாயிறு பூசை முடிந்து ஓட்டமாக வருகிறேன், வாசலில் செடி முழங்கால் உயரத்தில் சமமாக நிற்கிறது, ஒரு இலை இல்லை, மொட்டெல்லாம் மண்ணில், இவர் பரணில் கிடந்த கத்தியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், இந்தா புள்ள, யாரு இத பூக்க விட்டது, மேஸ்திரி கண்டா ஏசுவாரு, நல்லவேளை நான் பாத்தேன், என்று சிரிக்கிறார், அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலம், நல்லா வெட்டியிருக்கீங்க, என்கிறேன். பாக்கியவதி வந்து செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அவரிடம், ஏன் சூசை அண்ணே, எங்க வீட்டுக்காரர் தலையையும் ஒருநாள் இப்படிச் சமமா வெட்டி விடுங்களேன், என்றாள், அவர் குலுங்கிச் சிரித்தார், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குனிந்து கிளைகளைப் பொறுக்கினாள், சிலவற்றை மண்ணில் ஊன்றினாள், மொட்டு உள்ளவற்றை ஒரு சொம்புத் தண்ணீரில் வைத்தாள், ஊன்றியதெல்லாம் கருகிப்போனது, அடிக்கட்டையில் இன்னும் துளிர் இல்லை, தினமும் தடவிப் பார்க்கிறேன், காய்ந்த எலும்பு மாதிரி இருக்கிறது.

சொம்பில் மட்டும் விரிந்தது, இன்று விடிகையில் ரோஜா நிறம், இனி காய்க்காத பூ, இவர் வந்து குனிந்து பார்த்தார், விரலால் இலையைத் திருப்பி அடிப்பக்கத்து வெள்ளை மயிரைத் தடவினார், முகம் மாறியது, இது தேயில இல்லயே, தவுட்டுச் செடில்ல, எந்தப் பாவி வெட்டுனான் இத, எமல்டா வந்தா அழுவாளே, என்றார், கண் நிறைந்துவிட்டது அவருக்கு, யாரோ தெரியாம வெட்டிட்டாங்க, விடுங்க, திட்டாதீங்க, என்றேன், அவர் கேட்கவில்லை, சொம்பை இரு கையாலும் தூக்கி, தண்ணீர் தளும்பாமல் நடந்து, வாசற்படியில் வைத்தார், வரும்போது மொதல்ல இது கண்ணுல படட்டும், என்றார், பக்கத்தில் உட்கார்ந்தேன், இருவரும் பள்ளிக்கூடப் பாதையையே பார்க்கிறோம், வெயில் ஏறுகிறது, எங்கள் நடுவில் பூ வெளுத்துக்கொண்டிருக்கிறது.