வேன் மாமாவுக்காக

பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மகள் நாற்காலிமேல் நின்றிருந்தபோதுதான் போன் வந்தது. ஒரு கையில் கயிறும் மறு கையில் போனுமாக, "சொல்லும்மா" என்றாள்.

"அப்பா போயிட்டாரும்மா."

அம்மா அழவில்லை. பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவர் விழித்துவிடக் கூடாதே என்று பேசுகிற குரல்.

கீழே நின்ற தையல்கார அக்கா அண்ணாந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டு. மாமா மூஞ்சி ஒரு பக்கமா சாயுது பாரு" என்றாள்.

பேனரில் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். 'நம் வேன் மாமாவின் இதய ஆபரேஷனுக்கு நம்மால் ஆனது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மகள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். யோசித்துச் செய்யவில்லை, பாதி போட்ட முடிச்சைக் கை தானாக முடித்தது. நாற்காலியிலிருந்து இறங்கி, "இப்ப சரியா இருக்காக்கா?" என்று கேட்கவும் செய்தாள்.

"ஜோரா இருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா துணிக்கடை மேசையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்தப் பக்கத்துத் தெருக்களின் பெண்கள் சேர்ந்து நடத்தும் உதவிக் குழு அது. யார் வீட்டிலாவது கஷ்டம் என்றால் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு ஹாலை ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கி, கேக், பழைய துணி, பொம்மை, குலுக்கல் சீட்டு என்று கடை விரித்துவிடுவார்கள். அதில் அவர்களுக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. யாருக்காக வசூலோ அந்த வீட்டு ஆள் ஒருவர் கேக் மேசையில் நின்று விற்க வேண்டும். கையேந்தி நிற்கிற மாதிரி யாருக்கும் தோன்றிவிடக் கூடாது, கடைக்காரராக நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அதன் நியாயம். நல்ல எண்ணம்தான். ஆனால் கேக் வாங்குகிற ஒவ்வொருவரும் கடைக்காரரிடம் நோயாளியைப் பற்றி விசாரிப்பார்கள் என்பதையும், கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும் என்பதையும் யாரும் யோசித்திருக்கவில்லை.

மகள் மேடைக்குப் பின்னால் போனாள். அங்கே அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே குழுவின் தலைவி காகிதத் தட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஊர் வைத்த பெயர் மைக் அக்கா. மைக் கையில் கிடைத்தால் விடமாட்டாள். கிடைக்காவிட்டாலும் அவளுக்கு அது தேவைப்படாது, அப்படியொரு தொண்டை. மகள் விஷயத்தைச் சொன்னதும் அந்தத் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. அப்படியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, மகளின் கையை இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நடிப்பில்லாத அழுகை. அவளுடைய மூன்று பிள்ளைகளும் அப்பா ஓட்டிய ஸ்கூல் வேனில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லாதே."

மகளுக்குப் புரியவில்லை.

"நான் சொல்றதக் கேளு. போன வருஷம் அந்த பெயின்டர் வீட்டுக்கு இப்படித்தான் வச்சோம். முந்தின நாள் ராத்திரி போயிட்டார். மறைக்க மனசு வரல, மைக்ல சொன்னோம். வந்தவங்க எல்லாம் ஐயோ பாவம்னாங்க, ரெண்டு நிமிஷம் தலை குனிஞ்சு நின்னாங்க, வீட்டுக்குப் போயிட்டாங்க. சுட்ட கேக் அத்தனையும் அப்படியே இருந்துச்சு. செத்தவருக்காக யாரும் கேக் வாங்க மாட்டாங்கம்மா. பொழைக்கப் போறவருக்குத்தான் வாங்குவாங்க."

"அதுக்காக பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ஆஸ்பத்திரில இத்தனை நாள் வச்சதுக்கு யார் கட்டுறது? உங்க அம்மாவா? ஆபரேஷன் இல்லன்னா பாக்கி இல்லன்னு ஆயிடுமா?" அவள் மறுபடி தட்டுகளைப் பிரிக்கத் தொடங்கினாள். "சாயங்காலம் வரைக்கும்தான். முடிஞ்சதும் நானே சொல்லிடறேன். பாவம்னு ஒண்ணு இருந்தா என் தலையில விடியட்டும்."

இந்த வசூலே வேண்டாம் என்றவள் அம்மா. நாலு பேர் முன்னால் நம் கஷ்டத்தைக் கடை பரப்ப வேண்டுமா என்று கேட்டவள். கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கி, குழுவின் வாசலில் போய் நின்றவள் மகள்தான். இப்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அங்கே தொங்கிய ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

கதவு திறந்ததும் கூட்டம் மொய்த்தது. கேக் மேசையில் முதலில் வந்தவர் பள்ளிக்கூட வாட்ச்மேன்.

"அப்பா எப்படிம்மா இருக்கார்?"

"இருக்கார்" என்றாள். வெட்டிய துண்டு உதிர்ந்தது. அவர் அதையே போதும் என்று வாங்கிக்கொண்டார்.

அடுத்து ஒரு தாயும் பிள்ளையும். அடுத்து பேக்கரிக்காரர், தன் கடையிலேயே கேக் இருக்க இங்கே வந்து வாங்குகிற மனிதர். அடுத்து இரண்டு கல்லூரிப் பெண்கள், வேன் பிள்ளைகளாக இருந்து வளர்ந்தவர்கள். எல்லோருக்கும் அதே கேள்வி. மகளும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் வெறும் பதில் போதவில்லை. கேட்கிறவர்களின் முகம் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தது.

"காலையில ரெண்டு வாய் பால் குடிச்சார்" என்றாள் ஒருத்தியிடம்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அடுத்தவரிடம், "எழுந்து உக்காந்துட்டார்" என்றாள். அதற்கடுத்தவரிடம், "நர்ஸம்மாவையே அதட்டுறார்னா பாத்துக்கோங்க" என்றாள். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் அதட்டலை அறியாதவர் யார் அங்கே? காலையில் வாசலில் வேனை நிறுத்திவிட்டு, "அம்மா ரெடியாயிட்டாங்க, பவுடர்கூடப் போட்டாச்சு. பிள்ளை எங்க?" என்று தெருவே கேட்கக் கத்துகிறவர். கல்லூரிப் பெண்களில் ஒருத்தி அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்தபோதுதான் பயம் வந்தது. பொய் சொல்ல வருகிறதே என்பதுகூட இல்லை. சொல்லச் சொல்ல நன்றாக இருக்கிறதே என்பதுதான். இந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறவரை அப்பா பால் குடிக்கிறார், உட்காருகிறார், அதட்டுகிறார். இங்கிருந்து நகர்ந்தால் அதெல்லாம் இல்லை.

மறுபடி போன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு எடுத்தாள்.

"தம்பி ரயில் ஏறிட்டானாம். நீ எப்ப வர்றே?" என்றாள் அம்மா.

"இங்க யாருக்கும் இன்னும் சொல்லலம்மா. மைக் அக்கா சாயங்காலம் வரைக்கும் வேணாம்னுட்டாங்க."

அந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் கடந்து போனது. அம்மா திட்டப்போகிறாள் என்று மகள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"எல்லாரும் என்ன கேக்கறாங்க?"

"எப்படி இருக்கார்னு."

"நீ என்ன சொன்னே?"

"பால் குடிச்சார்னு சொன்னேன்."

"சர்க்கரை போடாமத்தானே?"

"ஆமாம்மா."

"சரி" என்றாள் அம்மா. "அங்கயாவது கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மகள் திரும்பியபோது மேசைக்கு முன்னால் ஸ்கூட்டர்காரம்மா நின்றிருந்தாள்.

அவளை மறக்க முடியுமா? சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் அப்பா வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வீடு சேரத் தாமதமானது. இந்தம்மா தேடிக்கொண்டு வந்து, நடுத்தெருவில் அத்தனை பிள்ளைகள் முன்னால், "குடிச்சிட்டு ஓட்டுறியா?" என்று கேட்டாள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதரை. மறுநாளிலிருந்து தன் மகனை ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள். வீட்டில் அப்பா, "பாவம், பிள்ளையக் காணோம்னு பயந்துட்டாங்க" என்றதோடு சரி. அதற்குப் பிறகு வலி என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஆம்புலன்ஸ் வந்த நாள்வரை. இவள் எதிரே வந்தால் என்ன கேட்பது என்று மகள் எத்தனையோ முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறாள்.

ஸ்கூட்டர்காரம்மா கேக் எதையும் பார்க்கவில்லை.

"நான் வரலாமா கூடாதான்னு வாசல்லயே நின்னுட்டிருந்தேன்" என்றாள். "அன்னிக்கு அவருக்கு நெஞ்சு வலின்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சதிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்தா உங்கம்மா என்ன சொல்வாங்களோன்னு பயந்துக்கிட்டே நாளக் கடத்திட்டேன். நல்லாயிட்டு வர்றார்னு இப்ப மைக்ல சொன்னாங்க. நாளைக்கு வர்றேன். அவர் காலத் தொட்டு மன்னிப்புக் கேக்கணும். எத்தனை மணிக்கு உள்ள விடுவாங்க?"

மகள் கத்தியைக் கீழே வைத்தாள். ஏதோ ஒரு மணியைச் சொல்லி அனுப்பிவிட்டால் நாளைக்கு அங்கே வந்து நின்று, காலிக் கட்டிலைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். வேண்டியதுதான் என்று ஒரு மனசு சொன்னது. இத்தனை பேரிடம் சரளமாக வந்த பொய், இவளிடம் மட்டும் வரமாட்டேன் என்றது.

"நாளைக்கு வரவேணாம்க்கா. அப்பா காலையிலயே போயிட்டார்."

அவளை நோகடிக்கச் சொன்னாளா, ஏமாறாமல் காக்கச் சொன்னாளா, மகளுக்கே தெரியவில்லை.

ஸ்கூட்டர்காரம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பேனரைப் பார்த்தாள். கேக்கைப் பார்த்தாள். ஏப்ரன் கட்டி நிற்கும் மகளைப் பார்த்தாள். "அப்போ இவ்வளவு நேரம் நீ..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். தெருவில் அன்றைக்குக் கேட்ட அந்தக் குரல் இப்போது வெளியே வரும், ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கும் என்று மகள் உடம்பை இறுக்கிக்கொண்டாள்.

"அம்மாகூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லையா?" அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். மகளின் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். "என்ன பொண்ணு நீ. கேக்கை நான் வெட்டிக் குடுக்க மாட்டேனா? போ."

"யாராவது கேட்டா..."

"நான் பாத்துக்கறேன். போ முதல்ல."

மகள் தன் பையைத் தேடி எடுக்கச் சற்று நேரம் ஆனது. துணி மேசைக்கு அடியில் வைத்திருந்தாள். அதன்மேல் யாரோ மூட்டையைப் போட்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது தையல்கார அக்கா எதிரே நின்றிருந்தாள். மகளின் தோளிலிருந்த கேக் துகளைத் தட்டிவிட்டாள், அவ்வளவுதான்.

வாசல் ஹாலின் மறுகோடியில் இருந்தது. மகள் நடந்தாள். வழியில் நின்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். பேக்கரிக்காரர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். கல்லூரிப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர்கூட அப்பா எப்படி இருக்கார் என்று கேட்கவில்லை. மேசை வரிசையில் நின்றவர்கள் காதில் விழுந்த விஷயம் காதோடு காதாக அவளுக்கு முன்னால் ஓடிவிட்டது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஒரு மனிதர் கையிலிருந்த தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார். போகிறபோது மகளை ஒரு பார்வை பார்த்தார். அவள் அதற்குத் தகுதியானவள்தான் என்று அவளுக்கே தோன்றியது. இன்னும் ஒரு குடும்பம் போனது. மற்றவர்கள் போகவில்லை. கேக் மேசையில் வரிசை இருந்தது. வாங்கியவர்கள் கையில் தட்டும் இருந்தது. யாரும் தின்னவில்லை.

ஹாலில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று மேடைமேல் இருந்த மைக் அக்காவுக்கு மட்டும் தெரியவில்லை. குலுக்கல் சீட்டு டப்பாவை ஆட்டிக்கொண்டு அவள் முழங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் எல்லாரும் இப்படி உம்முனு நிக்கிறீங்க? நம்ம வேன் மாமா காலையில பால் குடிச்சிட்டார். எழுந்து உக்காந்துட்டார். அடுத்த மாசம் பாருங்க, அவரே வேன எடுத்துட்டு வந்து உங்க வீட்டு வாசல்ல நின்னு கத்தப் போறார். எங்க, அவருக்குக் கேக்கற மாதிரி எல்லாரும் ஒரு தடவ கை தட்டுங்க பாப்போம்!"

சிறு பிள்ளைகள் உடனே தட்டினார்கள். அவர்கள் நம்பினார்கள்.

பெரியவர்கள் பக்கம் அசைவில்லை. மைக் அக்காவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. அவள் கண்கள் கூட்டத்தில் யாரையோ தேடின.

அப்போது கேக் மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு கைதட்டல் கேட்டது. ஏப்ரன் கட்டிய ஸ்கூட்டர்காரம்மா மேடையைப் பார்த்தபடி, கன்னத்தில் வழிவதைத் துடைக்காமல் தட்டிக்கொண்டிருந்தாள். அடுத்து வாட்ச்மேன். தட்டை மேசையில் வைத்துவிட்டுப் பேக்கரிக்காரர். பிறகு யார் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஹால் முழுக்க. நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். மைக் அக்கா மைக்கைத் தாழ்த்திக்கொண்டாள். வேன் மாமாவுக்குக் கேட்க வேண்டும் என்று அவள் சொன்னதை யாரும் தட்டிக்கழிக்கவில்லை.

வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். பையைத் தரையில் வைத்தாள். அவளும் தட்டினாள்.