ருக்மிணி எழுதாத அடிக்குறிப்பு

1

இந்தக் கதை ஒரு பெருமூச்சிலிருந்து கிடைத்தது. 1978இல், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில், "அப்பாடா, வேல தப்பிச்சுது!" என்று என் தோழி சுராயா விட்ட மூச்சு அது. திருக்கழுக்குன்றம் வருவதற்குள் முழுவதையும் கொட்டிவிட்டாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வங்கக் கடலின் அலைகளைப் போலவே சுராயாவின் உள்ளமும்'—

வேண்டாம். அவளுக்கு ஆட்டம் கண்டது உள்ளம் இல்லை, வேலை.

2

முட்டுக்காட்டில் மீன் விற்கும் பெண்களைப் பற்றிச் சுராயா ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். செங்கல்பட்டில் அச்சாகும் 'கரையோரச் சமூகவியல்' என்ற சின்ன இதழில் வந்தது. அதை நம்பித்தான் அவளுக்கு விரிவுரையாளர் வேலை. அந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகக் குழு ஒன்று புது அளவுகோலோடு வந்தது. ஓர் இதழின் கட்டுரைகளை மற்ற இதழ்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கின்றன? அதுதான் தரமாம். எண்ணினார்கள். நம் இதழுக்குப் பூஜ்யம். பல்கலைக்கழகம் ஏற்கும் இதழ்களின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டால் கட்டுரை செல்லாது, வேலையும் இல்லை.

(இங்கே அளவுகோல்களைத் திட்டி நீளமாக எழுதி அடித்துவிட்டேன். சாரம் இதுதான்: ரசாயனக் கட்டுரையைப் படித்தால் மேற்கோள் காட்டத் தோன்றும். மீன்காரிகளைப் பற்றிப் படித்தால் வஞ்சிரம் வாங்கத் தோன்றும்.)

3

ருக்மிணியை எழுதத்தான் தயக்கம். நீங்கள் நம்பவேண்டுமே! இதழாசிரியர் வெங்கடராகவனின் மனைவி. அவரும் சமூகவியல் பேராசிரியர்தான், டாக்டர் பட்டம் வாங்கியவர், தில்லி இதழ்களில் எழுதுபவர். ஒரு வரைவில் அவரை இன்னும் நவீனமாக்கிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது.

குழு முன்னால், சுராயாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் சொன்னார்: "பூஜ்யம்னு யார் சொன்னா? என் தில்லிக் கட்டுரை எல்லாத்துலயும் இந்த இதழ்லேர்ந்துதான் எடுத்திருக்கேன்."

குழுத் தலைவர் அந்தக் கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தார். "'முன்னர் ஓர் ஆய்வாளர் காட்டியபடி'ன்னு மட்டுந்தானேம்மா இருக்கு? யார் அந்த ஆய்வாளர்?"

ருக்மிணி தலையைக் குனிந்துகொண்டார். "ஆத்துக்காரர்."

"பேர்?"

"ஆத்துக்காரர் பேரைச் சொல்லவோ எழுதவோ படாதோன்னோ!"*

சுராயா பதறிவிட்டாள். "இன்னா மேடம் இது! பேர எழுதாமயே இத்தினி வருசம் ஓட்டிட்டீங்களா? என் வேலையே பூடும் போல கீதே!"

தலைவர் சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் இதே கதைதானோ என்னவோ. ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "யாரோட ஆய்வு, எந்த இதழ்ல வந்ததுன்னு எழுதிக் குடுங்கம்மா. கணக்குல சேர்த்துக்கறோம்."

* வீட்டில் 'ஏன்னா' என்று கூப்பிடுவாராம். அதை அடிக்குறிப்பில் போட முடியாது.

4

முடிவுகள்.

அ) ருக்மிணி கணவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுகிறார். கைதட்டல். (அடித்துவிட்டேன். அவர் செய்யமாட்டார்.)

ஆ) எழுத மறுக்கிறார். சுராயா கடற்கரையில் தன்னந்தனியே— (பாவம். தவிர, அவள் என் பக்கத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிறாள்.)

இ) நடந்தது இது. ருக்மிணி பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார். இரண்டையும் சுராயா பக்கம் தள்ளினார்.

"நீயே எழுதுடீம்மா. நோக்கென்ன, தாராளமா எழுதலாம். நான் கீழே கையெழுத்துப் போடறேன்."

சுராயா எழுதினாள்: வெங்கடராகவன், 'கரையோரச் சமூகவியல்'. அந்தப் பெயரின்மேல் கை படாமல் ருக்மிணி கையெழுத்திட்டார். இதழ் பட்டியலில் நின்றது. சுராயாவுக்கு வேலை நிலைத்தது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் இதழைக் காப்பாற்றிய அந்த ஒரே மேற்கோளை எழுதியவள், அதனால் பிழைத்தவளேதான். இதை ஒன்று என்று எண்ணுவதா, பூஜ்யம் என்பதா? நான் எண்ணப்போவதில்லை. மாமல்லபுரம் வந்துவிட்டது, நாங்கள் இறங்க வேண்டும். இதோ தாள், இதோ பேனா. உங்கள் பக்கம் தள்ளிவிட்டேன்.