வாய் திறக்காத பாட்டு

அந்தப் பாட்டில் ஏன் ஒரு வார்த்தைகூட இல்லை என்று வெளியூர் ரசிகர்கள் கேட்டால், அகாலி கண்ணை மூடிக்கொண்டு, பாலைவனத்தின் துக்கத்துக்கு வார்த்தை ஏது என்பான். அத்தனையும் புளுகு. துக்கமாவது மண்ணாவது, நடந்தது வேறு.

வெளியூர்க்காரர்கள் அவன் குழு வாசிப்பதை ப்ளூஸ் ராக் என்கிறார்கள். சகாரா பாலைவனத்து ஊரான தமன்ராசெட்டில் அதற்குக் கிட்டார் என்றுதான் பேர், கிட்டார் இல்லாமல் கல்யாணம் கிடையாது. அன்றைக்கும் ஒரு கல்யாணம்தான். ஜெனரேட்டர் உறுமுகிறது, வெயில் தாழ்ந்துவிட்டது, அகாலியின் புதுப்பாட்டைக் கேட்கச் சனம் மணலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. முதல் வரிசையில், ஸ்பீக்கரை ஒட்டி, அவன் மாமியார் ஃபதிமாத்தா.

மாமியார் எதிரில் அந்த ஊர் ஆண்பிள்ளை எவனும் வாயைக் காட்டமாட்டான். முண்டாசுத் துணியை மூக்குவரை ஏற்றிவிடுவான், ஒரு பேரீச்சம்பழம்கூட மெல்லமாட்டான். புதுப்பாட்டோ அகாலி தன் பெண்டாட்டி ரைஷாவின் கழுத்தையும் கண்ணையும் வர்ணித்துக் கட்டியது. பெற்றவள் எதிரில் வாயைப் பிளந்துகொண்டு அதைப் பாடுவதற்குப் பதிலாக ஜெனரேட்டருக்குள் கையை விடலாம்.

வெறும் வெட்கம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. கல்யாணமானதும் பெண் ஒரு வருஷம் தாயின் கூடாரத்தில்தான் இருப்பாள். மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவன் என்று மாமியாருக்குத் திருப்தியானால்தான் தன் வீட்டுக்கு அழைத்துப்போக முடியும். அகாலிக்கு வருஷம் முடிகிற சமயம். ஃபதிமாத்தாவுக்கோ கிட்டாரைத் தூக்கியவனெல்லாம் வெட்கங்கெட்டவன். ஆளில்லாத வீட்டில் தானே டீ போட்டுத் தானே குடித்து அகாலிக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிருந்தது. ரைஷா இல்லாமல் இன்னொரு வருஷம் என்றால் அவன் செத்தான்.

"பாடேன்டா," என்று பாஸ் கிட்டார் வாசிக்கும் கமதீன் பல்லைக் கடித்தான். "எவ்வளவு நேரம்டா முன்னிசையையே வாசிக்கிறது? விரல் தேயுது."

"முன்னாடி பாரு."

கமதீன் பார்த்தான். பார்த்ததும் அவனும் முண்டாசை ஏற்றிக்கொண்டான். அவனுக்கு அவள் மாமியாரே இல்லை.

"ஆட்டை ஓட்டிக்கிட்டு மேய்ச்சலுக்குப் போயிட்டாங்கன்னு நீதானேடா சொன்னே?" என்றான் அகாலி.

"போனாங்க மச்சான். வந்துட்டாங்கபோல இருக்கு."

இவன் பேச்சை நம்பியதற்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்றிருந்தது அகாலிக்கு. பாடினால் பெண்டாட்டி போச்சு, பாடாவிட்டால் குழுவின் பேர் போச்சு. முண்டாசை இமைவரை இழுத்தான், மைக்கைத் துணிக்குள் திணித்தான், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மூக்காலேயே ஆரம்பித்தான். "ம்ம்ம்... ம்ம்ம்ம்..."

கொஞ்ச நேரம் சனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. மைக் கெட்டுவிட்டது என்றார் ஒருவர். கமதீன் சிரிப்பை அடக்க பாஸைப் போட்டு அடித்தான், அதில் தாளம் தறிகெட்டுச் சூடுபிடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். மழை பொய்த்த வருஷத்தைப் பாடுகிறான் என்று ஒரு கிழவர் விசும்ப ஆரம்பித்தார். பக்கத்திலிருந்தவர், இல்லை, செத்துப்போன ஒட்டகத்தை நினைத்துப் பாடுகிறான் என்று சண்டைக்கே போய்விட்டார். அகாலி ஒயரைச் சுருட்டி முடிப்பதற்குள் பாட்டு செல்போனுக்கு செல்போன் தாவி ஊரைச் சுற்றிவிட்டது.

மறுநாள் காலையில் மாமியார் கூடாரத்திலிருந்து ஆள் வந்தது. கண்ணை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு போய் வாசலில் நின்றான் அகாலி. மாப்பிள்ளையிடம் மாமியார் நேராகப் பேசுகிற வழக்கம் கிடையாது. ஃபதிமாத்தா பால் கறந்தபடியே ஆட்டிடம் பேசினாள்.

"இந்தா கறுப்பி, நேத்துப் பாடினாரே ஒருத்தரு, அந்தப் பாட்டுல வார்த்தையே இல்லைன்னு ஊரு பேசிக்குது. எனக்குத் தெரியாதா? என் மக தினமும் அதைப் பாடிக்கிட்டுத்தானே கம்பு இடிக்கிறா. கழுத்து, கண்ணு, இடுப்பு, எல்லாம் எனக்கு மனப்பாடம்."

அகாலிக்கு அப்படியே மணலுக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது.

"ஆளு எப்படின்னு பார்க்கத்தான் உங்களையெல்லாம் மேய்ச்சல்ல விட்டுட்டு ஓடியாந்து முன்னாடி உக்காந்தேன். வெட்கங்கெட்டவரா இருந்தா வாயைப் பிளந்திருப்பாரு. பிளக்கலை. மகளைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

பாய்த்தடுப்புக்குப் பின்னால் ரைஷா களுக்கென்று சிரித்தாள். மூட்டையை விடியும்போதே கட்டி வைத்துவிட்டாளாம். அகாலிக்குத் தரையில் கால் பாவவில்லை, துணிக்குள் இருந்த இளிப்பு நல்லவேளை யாருக்கும் தெரியவில்லை.

"இன்னொண்ணு கறுப்பி," என்றாள் மாமியார், பால் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தபடி. "எந்த ஊருல பாடினாலும் அந்தப் பாட்டை வாயை மூடிக்கிட்டே பாடச் சொல்லு. நான் ஒளிஞ்சு நின்னு மத்த பாட்டையும் கேட்டிருக்கேன். வாயைத் திறந்தா அந்தக் குரலை மனுஷன் கேக்க முடியாது."

அகாலி மறுபேச்சுப் பேசவில்லை. பேசத்தான் முடியுமா, எதிரில் மாமியார்.