தெற்கத்தி இடுப்பு

என் கணவர் மெர்வின் நான்கு வருடம் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. பிரிட்டிஷ் அரசு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், "வரிசையில இருக்கீங்க" என்பார்கள். இந்த ஜூலையில் எங்கள் புராட்டஸ்டண்டுகள் நடத்தும் ஊர்வலத்திலும் டிரம் அடிக்க முடியாது என்றானபோது மனிதர் அழுதேவிட்டார். முப்பது வருடம் பிரிட்டிஷ் கொடிக்குப் பின்னால் நடந்தவர்.

வேறு வழியில்லாமல் வட அயர்லாந்திலிருந்து எல்லை தாண்டித் தெற்கே போனோம். கத்தோலிக்கர் அதிகமுள்ள அயர்லாந்துக் குடியரசில் ஒரே மாதத்தில் அறுவை சிகிச்சை முடிந்தது. வடக்கே எங்கள் ஆட்கள் கத்தோலிக்கரை 'இடது கால்காரன்' என்று கேலி செய்வதுண்டு. கூட டிரம் அடிக்கும் நோயல் சும்மா விடுவாரா?

"அடப்பாவி, இடது காலையே போப்பாண்டவர்கிட்ட ஒப்படைச்சுட்டு வந்துட்டியேடா! ஊர்வலத்துல அது மட்டும் தனியா அவங்க சர்ச்சுக்கு ஓடிடப் போகுது."

மெர்வின் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

போன சனிக்கிழமை கருத்துக் கணிப்புக்காக ஒரு பெண் வந்தாள். மெர்வின் வாசலில் நின்று ரோஜாச் செடியை வெட்டிக்கொண்டிருந்தார், கைத்தடி இல்லாமல்.

"உங்கள நீங்க என்னன்னு சொல்லிக்குவீங்க சார்? பிரிட்டிஷா, ஐரிஷா?"

உள்ளேயிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. போயும் போயும் இவரிடமா கேட்கிறாள்!

"தெரியலம்மா," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிவந்தேன்.

"மெர்வின்! என்ன பேச்சு இது? அப்ப ஐவன் எதுக்குச் செத்தான்?"

ஐவன் என் அண்ணன். மெர்வினின் உயிர் நண்பன். போலீஸ்காரன். வடக்கும் தெற்கும் ஒரே அயர்லாந்தாக வேண்டும் என்றவர்கள் அவன் காருக்கு அடியில் வைத்த குண்டில், இருபத்திரண்டு வயதில் போய்விட்டான்.

"அவன மறக்கல, வேலரி. ஆனா நாலு வருஷம் வலியில கெடந்தேன். நம்ம நாடு, நம்ம நாடுங்கறோமே, ஒருத்தராவது திரும்பிப் பார்த்தாங்களா? அங்க ஒரு நர்ஸ் 'வலிக்குதா மெர்வின், வலிக்குதா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான் எந்தக் கட்சின்னு அவ கேக்கவே இல்ல. அவ நாட்ட எப்படி நான் அந்நியம்னு சொல்லுவேன்?"

நான் கத்தியிருக்க வேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் தயங்கியபடி என் பக்கம் திரும்பினாள். "நீங்க, மேடம்?"

"பிரிட்டிஷ். எழுதிக்கோ."

மெர்வின் மெல்லத் தலையாட்டினார். அது ஐவனுக்காகச் சொன்ன பதில் என்று அவருக்குத் தெரியும். எனக்காக ஒரு பதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டேன். அவர் இன்னும் வெளியேதான் நின்றுகொண்டிருந்தார்.