வூட்டுப்பாடம்

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ரெபேக்காள் கையைக் கழுவிக்கொள்வாள். ரிசார்ட்டில் பகல் முழுக்க ஊறிய கைதான், பினாயில் வாசம் எப்படியும் போகாது. இருந்தாலும் கழுவி, நைட்டியில் துடைத்துவிட்டுத்தான் மகள் கவியாவின் நோட்டைத் தொடுவாள்.

ஏழாம் வகுப்பு வீட்டுப்பாட நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'வீட்டுப்பாடம்' என்று எழுதி, அடியில் கோடு போட்டிருக்கும். அந்தச் சொல்லில் 'டு' மட்டும் மற்ற எழுத்துகளோடு ஒட்டாமல், கீழே வளைந்து, தூண்டில் முள் மாதிரி மேலே எகிறி நிற்கும். அந்த முள்ளின் மேல் ரெபேக்காளுக்குத் தனிப் பிரியம். ஒருநாள் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய், கூட வேலை செய்யும் லதாவிடம் காட்டினாள்.

"அச்சு மாரி கீதுக்கா," என்றாள் லதா.

"எம்பொண்ணு எழுதனது," என்றாள் ரெபேக்காள். அன்றைக்கு முழுக்க அவள் விரித்த படுக்கை விரிப்பு ஒன்றில்கூடச் சுருக்கம் விழவில்லை.

ரிசார்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. அறையைச் சுத்தம் செய்து முடித்ததும், குளியலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் தாளில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் சதாசிவம் சொல்லிவிட்டார்: "கையெழுத்துன்னா இன்னா அர்த்தம் தெரியுமா? என் கண்ணால பாத்தேன்னு அர்த்தம். பாக்காம போட்டா அது பொய்யிம்மா." ரெபேக்காள் அதை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். ஐந்தாவது வரை படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். கணக்கும் இங்கிலீஷும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? வரி வரியாக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தன் பெயரை எழுதுவாள். அவள் புருஷன் சாலமோன் ஒரகடத்தில் வேன் ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். அதனால் அந்த நோட்டில் இருந்தது முழுக்க முழுக்க அவள் பெயர்தான்.

சில நாள் கவியாவின் மேல் நெத்திலி வாசம் அடிக்கும்.

"கடக்கரையில இன்னாடி ஆட்டம் உனுக்கு?"

"பரிமளாகூட வெளாடிகினு இருந்தேன்மா. இந்தா, வச்சலா ஆண்டி குடுத்தாங்க." காகிதப் பொட்டலத்தில் ஒரு கைப்பிடி காய்ந்த நெத்திலி இருக்கும்.

வச்சலா பரிமளாவின் அம்மா. சதுரங்கப்பட்டினம் குப்பத்துக்காரி. பழைய கோட்டையை ஒட்டிய கரையில் மீன் காயவைத்து, மாமல்லபுரம் மார்க்கெட்டில் விற்பவள். காலை பஸ்ஸில் நாலு வருஷமாக அவளும் ரெபேக்காளும் ஒரே சீட். மீன் கூடை காலடியில், டிபன் பை மடியில். சிநேகிதி கொடுத்தனுப்பிய மீனை ரெபேக்காள் வறுத்து, மறுநாள் பஸ்ஸில் "நேத்து மீனு சூப்பர்க்கா" என்பாள். வச்சலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அதுக்கின்னா," என்பாள்.

ஆகஸ்ட் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் பெற்றோர் கூட்டம். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டுமா வேண்டாமா என்று பேசி முடிவெடுக்கப் போகிறார்களாம்.

"நீ வர வேணாம்மா," என்றாள் கவியா. "சும்மா பேசிட்டு டீ குடுத்து அனுப்புவாங்க."

"எனுக்கு ஒண்ணு சொல்லணும்டி," என்றாள் ரெபேக்காள். அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பண்டிகைக்கு எடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள்.

பெரிய வகுப்பறையில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பெரியவர்கள் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வராந்தா ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே பிள்ளைகளின் முகங்கள். வச்சலா இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"வேணுமா வேணாமா, நீங்களே சொல்லிடுங்க," என்றார் தலைமை ஆசிரியர்.

ஆட்டோ ஓட்டும் ஜான்சன் முதலில் எழுந்தார். "ரெட்டிப்பா குடுங்க சார். இல்லன்னா நாளெல்லாம் போனை நோண்டிகினு கீதுங்க."

"நீ மட்டும் இன்னா பண்ற?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் ரெபேக்காள் எழுந்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் கூட்டத்தில் பேசியது கிடையாது. முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், எனுக்குப் பேசத் தெரியாது. காலைல ஏழு மணிக்குப் போனா சாய்ங்காலம் ஏழு மணிக்குத்தான் வூட்டுக்கு வரேன். எம்பொண்ணு இன்னா படிக்குது, இன்னா எழுதுதுன்னு நான் எங்க போய் பாக்குறது? அந்த நோட்டுல பாக்குறேன் சார். தெனம் பாத்துட்டு கையெழுத்துப் போடுறேன். எங்கம்மா அடுத்தவங்க நெலத்துல குனிஞ்ச முதுவு நிமிராமயே செத்துப் போச்சு. எம்பொண்ணு குனிஞ்சா நோட்டுலதான் குனியணும். அந்த நோட்டையும் நிறுத்திட்டீங்கன்னா நான் இன்னாத்த பாக்குறது? வீட்டுப்பாடம் வேணும் சார்."

உட்கார்ந்ததும் கைத்தட்டல் எழுந்தது. காது சூடானது. பக்கத்தில் வச்சலா கைத்தட்டவில்லை. பையின் காதை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அது அப்போது ரெபேக்காளுக்கு ஒரு விஷயமாகப் படவில்லை.

அடுத்து ஜாய்ஸ் மிஸ் முன்னால் வந்தாள். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் சின்ன வயசு டீச்சர். பிள்ளைகளை அதட்டிப் பேசவே தெரியாதவள்.

"அம்மா பேசினது மனசைத் தொட்டுச்சு," என்றாள். "ஆனா பிள்ளைங்க பக்கத்தையும் கேக்கணும் இல்லையா? வீட்டுப்பாடத்தை வீட்ல நெஜமா எப்படிச் செய்யறீங்கன்னு போன வாரம் எழுதச் சொன்னேன். பேர் போட வேணாம், உண்மையை எழுதுங்கன்னேன். ஒண்ணே ஒண்ணு படிக்கிறேன். பேர் இல்லாததால யார் மனசும் நோகாது."

போனைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தாள்.

"'எனக்குத் தினமும் இரண்டு நோட்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று என் சிநேகிதியுடையது. எனக்கு எழுதப் பிடிக்கும். அவளுக்குப் பிடிக்காது. வூட்டில் எனக்கு ஒரு வேலை உண்டு. குனிந்தே செய்ய வேண்டும், முதுகு வலிக்கும். அதை அவள் எனக்காகச் செய்வாள். நான் கோட்டைச் சுவர் நிழலில் உட்கார்ந்து அவளுடைய பாடத்தை எழுதிக் கொடுப்பேன். மிஸ்ஸுக்குத் தெரியக் கூடாது என்று, அவளுக்கு எழுதும்போது கையெழுத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வேன். அவள் அம்மா தினமும் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவார்கள்.'"

அறை குலுங்கிச் சிரித்தது. "கில்லாடிங்கடா," என்றார் ஜான்சன். ரெபேக்காளும் சிரித்தாள். மேடைக் கூச்சம் விட்ட சந்தோஷம் வேறு. வச்சலாவின் தோளில் இடித்து, "எந்த மகராசிக்கா அது? தெனம் பாக்குறாளாம், தெரியலையாம்," என்றாள்.

வச்சலா பையின் முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

"இன்னொரு விஷயம்," என்றாள் ஜாய்ஸ் மிஸ் சிரித்துக்கொண்டே. "தலைப்புல ஒரு எழுத்துப் பிழை. திருத்தவே மனசு வரல. நீங்களே பாருங்க." போனை ஒயரில் மாட்டினாள். ஸ்மார்ட் போர்டு விழித்துக்கொண்டது. அதன் அகலம் முழுக்க ஒரே ஒரு சொல் நின்றது.

வூட்டுப்பாடம்.

மறுபடியும் சிரிப்பு. "நம்ம ஊரு புள்ளதான், சந்தேகமே இல்ல," என்றது ஒரு குரல். ரெபேக்காளும் எழுத்துக் கூட்டினாள். வூ. ட். டு. அங்கே அவள் கண் நின்றது. கீழே வளைந்து, சுற்றி, மேலே எகிறிய முள். கையளவு நோட்டில் தினமும் பார்த்தது, ஆள் உயரத்துக்கு நின்றது. மற்ற எழுத்தையெல்லாம் மாற்றி எழுதிய பெண் இந்த ஒன்றை மாற்ற மறந்திருக்கிறாள்.

"கடைசி வரி மட்டும் படிச்சுடறேன்," என்று ஜாய்ஸ் மிஸ் குரலைத் தாழ்த்தினாள். "'அவர்கள் கையைக் கழுவிவிட்டுத்தான் நோட்டைத் தொடுவார்களாம். அதை அவள் சொன்னதிலிருந்து எனக்குப் பாவமாக இருக்கிறது.'"

ஐயோ பாவம் என்று யாரோ உச்சுக் கொட்டினார்கள். ரெபேக்காள் ஜன்னலைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கவியா நின்றிருந்தாள். பக்கத்தில் பரிமளா. கவியா பரிமளாவைப் பார்த்தாள். பரிமளா ஜாய்ஸ் மிஸ்ஸைப் பார்த்தாள். இரண்டு முகமும் ஒரே மாதிரி இருந்தன. தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று ரெபேக்காளுக்குத் தோன்றியது.

"சரி, வீட்டுப்பாடம் வேணும்ங்கறவங்க கை தூக்குங்க," என்றார் தலைமை ஆசிரியர். கைகள் எழுந்தன. ரெபேக்காளின் கை மடியில் கிடந்தது. "என்னம்மா, நீங்கதானே வேணும்னு கேட்டீங்க?" என்று அவர் சிரித்தார். நாற்பது தலையும் அவள் பக்கம் திரும்பின.

தூக்காவிட்டால் தெரிந்துவிடும். தூக்கினாள்.

வெளியே வேப்ப மரத்தடியில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரெபேக்காள் வாங்கவில்லை.

"இன்னா வேலைக்கா அது?" என்றாள் வச்சலாவிடம். "முதுவு வலிக்கிற வேலை."

"ரெபேக்கா, இப்ப இன்னாத்துக்கு..."

"இன்னா வேலை?"

"மீனு அள்றதுதான். சாய்ங்காலம் காஞ்ச நெத்திலிய அள்ளிக் கூடைல கொட்டணும். பொண்ணுங்க தங்களுக்குள்ள பேசிகினு மாத்திகிச்சுங்க. நான் இன்னா கூப்ட்டேனா?"

"உனுக்குத் தெரியும்."

"தெரியும். சொன்னா நீ அத்தப் போட்டு அடிப்ப."

"அடிப்பேன். அது எங்க வூட்டு விசயம். தெனம் எம்பக்கத்துல உக்காந்துகினு வந்தியேக்கா. எம்பொண்ணு உன் மண்ணுல குனிஞ்சிகினு கீதுன்னு ஒரு நாளு சொல்லல."

"சும்மா ஒண்ணும் வாங்கலயே," என்றாள் வச்சலா. அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "கை நெறைய மீனு குடுத்துத்தான அனுப்பனேன்."

சொன்ன பிறகுதான் அது எப்படி விழுந்தது என்று அவளுக்கே தெரிந்தது. ரெபேக்காள் அந்த மீன்களை நினைத்துக்கொண்டாள். மிளகாய்த்தூள் தடவி, மொறுமொறுவென்று வறுத்து, தட்டின் ஓரத்தில் வைத்துத் தின்ற மீன்கள். மறுநாள் பஸ்ஸில் அதற்கு நன்றி வேறு. அவள் அம்மா மடியில் கட்டிக்கொண்டு வரும் கூலி நெல்லை அவள் ஒருநாளும் பரிசு என்று நினைத்ததில்லை.

பரிமளா ஓடிவந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஆண்டி, மிஸ் யாராண்டையும் காட்ட மாட்டேன்னாங்க. படிச்சிட்டு கிழிச்சிடுவேன்னு சத்தியம் பண்ணாங்க ஆண்டி. அதனாலதான் எழுதனேன்."

ரெபேக்காள் அந்தப் பெண்ணின் வலது கையைப் பார்த்தாள். நடுவிரலில் பேனா அழுத்திய இடம் காய்த்திருந்தது. கவியாவின் விரலில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று இத்தனை நாளில் பார்க்கவே தோன்றவில்லையே என்று நினைத்தாள்.

"கையெழுத்து நல்லா கீது," என்று சொல்லிவிட்டு நடந்தாள். வகுப்பறைக்குள் ஜாய்ஸ் மிஸ் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக ரெபேக்காளைப் பார்த்து, நன்றாகப் பேசினீர்கள் என்பது போலத் தலையசைத்துச் சிரித்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ரெபேக்காள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கவியா நாலு அடி பின்னால் வந்தாள். அடி விழும் என்று எதிர்பார்த்தாள். ரெபேக்காளும் எதிர்பார்த்தாள். கை எழவில்லை.

விளக்குப் போட்டதும் ரெபேக்காள் தரையில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு இன்னா குடுத்தாங்க?"

"நீர் சுழற்சி. அஞ்சு வரி."

"எழுது."

கவியா நோட்டைப் பிரித்தாள். ரெபேக்காள் முதல் எழுத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பால் வைக்கப் போகவில்லை, போன் அடித்தபோது எடுக்கவில்லை. 'வீட்டுபாடம்' என்று எழுதினாள் கவியா. நடுவில் ஒரு 'ப்' காணவில்லை. 'டு' மொட்டையாக இருந்தது. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, கோட்டை விட்டு இறங்கின. கடல் நீர் சூடாகி மேலே போகிறது என்று ஒரு வரி. மேகம் ஆகிறது என்று ஒரு வரி. மழை பெய்து மறுபடியும் கடலுக்கு வருகிறது என்று ஒரு வரி. அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று.

"அவ்ளோதாம்மா தெரியும்." நோட்டைத் தள்ளினாள்.

ரெபேக்காள் பழக்கத்தில் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விரலை வரியின் மேல் ஓட்டினாள். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவது வரி.

"இத்த நீதான எழுதன?"

கவியா நிமிர்ந்தாள். "நீ பாத்துகினுதானம்மா இருந்த."

ஆமாம். கண்ணால்தான் பார்த்தாள். ரெபேக்காள் பேனா மூடியைத் திறந்தாள். கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பதிலாகப் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். ஆகஸ்ட், ஜூலை, ஜூன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அந்த முள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ரெபேக்காள், ரெபேக்காள், ரெபேக்காள்.

மூடியைத் திரும்பப் போட்டாள்.

"இன்னொரு வாட்டி எழுது," என்றாள்.

"இதே மூணு வரியா?"

"இதே மூணு வரி. நான் பாக்குறேன்."